பச்சை உப்பு

சிவகாசி வட்டாரத்துப் பயர் ஆபீஸ்களில் நெடுங்காலமாகப் பச்சை உப்பு என்ற பெயரில் ஒரு பொருள் புழங்கி வந்தது. கண்ணால் பார்த்தால் அது பச்சையாய் இராது. சமையலுப்பைப் போல் வெள்ளை வெளேரென்றிருக்கும். எரியும்போது வெளிப்படுகின்ற நிறத்தைக் கொண்டே நம் மக்கள் அதற்குப் பெயரிட்டார்கள். புத்தகத்தில் அதன் பெயர் பேரியம் நைட்ரேட். உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23ஆம் நாள் வழங்கிய ஆணையில், பட்டாசுகளில் பேரிய உப்புகளைச் சேர்க்கலாகாது என்று தடை விதித்தது. அடுத்த மாதமே ஆலைகள் கதவடைத்தன. ஏறத்தாழ நான்கு மாதம் இவ்வட்டாரத்தில் வெடிமருந்தின் வாடையே இல்லை. பல வீடுகளில் குழம்பின் வாடையும் இல்லை.

அந்நாள்களில் ஒரு மாலை, கம்பி மத்தாப்பு வேலையில் முப்பதாண்டு கழித்த ஓர் அம்மா பங்கு இல்லத் திண்ணையில் வந்தமர்ந்தார். "சாமி, பேரியம் பேரியம்னு டீவில சொல்றாங்களே, அது நம்ம பச்சை உப்புத்தானாம். முப்பது வருசமா இந்தக் கையால அள்ளுனது. அது அம்புட்டுப் பெரிய கொலைகாரனா?" என்று கேட்டார்.

என்னிடம் விடை இல்லை. குருமடத்தில் இறையியலும் மெய்யியலும் பயின்றவனுக்குத் தெரிந்த பேரியம் ஒன்றே ஒன்றுதான்: மாணவனாயிருந்த காலத்தில் வயிற்று வலிக்காக எக்ஸ்ரே எடுக்கப் போனபோது, சுண்ணாம்புக் கரைசல் போன்ற ஒரு கூழைக் குடிக்கக் கொடுத்து, 'பேரியம் மீல்' என்றார்கள். மருத்துவமனையில் குடிக்கக் கொடுப்பதை நீதிமன்றம் நஞ்சு என்பானேன்? அந்தக் குழப்பத்தில் தொடங்கிப் படித்தவற்றையே இங்கு எழுதுகிறேன். ஒரு பிடி உப்புக்கு இத்தனை நீண்ட வரலாறு இருக்குமென்று நான் நினைத்ததில்லை.

வரலாறு ஒரு செருப்புத் தைப்பவரிடம் தொடங்குகிறது. இத்தாலியில் அன்று திருத்தந்தையின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த பொலோஞா நகரில் வின்சென்சோ காஷியரோலோ என்றொருவர் இருந்தார். பகலில் தோல் தைப்பார். ஓய்ந்த நேரத்தில் இரசவாதம் செய்வார். 1602 அல்லது 1603இல் ஊருக்கு வெளியே பதெர்னோ மலைச்சரிவில், அளவுக்கு மீறிக் கனக்கின்ற கற்களைக் கண்டெடுத்தார். இத்தனை கனமுள்ள கல்லில் பொன் இருக்கத்தான் வேண்டும் என்று, அவற்றைக் கரியோடு சேர்த்து உலையிலிட்டுச் சுட்டார். பொன் வரவில்லை. ஆனால் வெயிலில் வைத்தெடுத்த அக்கல் இருட்டறையில் தணல்போல ஒளிர்ந்தது. சூரியனை விழுங்கி வைத்துக்கொள்ளும் கல் என்று ஊரே வியந்தது. 'சூரியக் கல்' என்றே அதற்குப் பெயரும் வந்தது.

அறிஞர்கள் இதனை எளிதில் விடவில்லை. பொலோஞாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் போர்த்தூனியோ லிசெத்தி 1640இல் இக்கல்லைப் பற்றித் தனி நூலே எழுதி, நிலவின் இருண்ட பகுதியில் தெரியும் மங்கலான ஒளியும் இப்படிப்பட்டதே, நிலவும் ஒரு பொலோஞாக் கல்லே என்றார். கலிலியோ மறுத்தார்: அது பூமியின்மேல் பட்ட வெயில் திரும்பி நிலவின்மேல் விழுவதால் உண்டாகும் ஒளி என்றார். அவர் சொன்னதே சரி. மறுப்பை எழுதச் சொன்னபோது அவர் பார்வையிழந்து வீட்டுக்காவலில் இருந்தார். அவரை அந்நிலையில் வைத்தவர்கள் யார் என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டுவதில்லை.

அக்கல் ஏன் ஒளிர்ந்தது? நானூறு ஆண்டுகளாக இதற்கு உறுதியான விடை இல்லை. பின்லாந்து நாட்டின் துர்க்கு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய பொலோஞாக் கற்களை ஆராய்ந்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். கரியோடு சுட்டபோது கல் பேரியம் சல்பைடாக மாறியது. அதனுள் இயற்கையாகவே கலந்திருந்த செம்பின் மிகச்சிறு மாசே அந்த ஒளிக்குக் காரணம். கல் தூயதாய் இருந்திருந்தால் ஒளிர்ந்திராது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த செய்தி.

கனத்த கல்லில் புதியதொரு பொருள் இருக்கிறது என்று 1774இல் கண்டவர் சுவீடனில் வாழ்ந்த மருந்தாளர் ஷீலே. மின்சாரத்தின் துணையால் 1808இல் அதிலுள்ள உலோகத்தைப் பிரித்தெடுத்தவர் இங்கிலாந்தின் ஹம்பிரி டேவி. கனம் என்று பொருள்படும் 'பாருஸ்' என்ற கிரேக்கச் சொல்லைக் கொண்டு பேரியம் என்று பெயரிட்டார். நம் 'பாரம்' என்ற சொல்லுக்கு இது உறவு என்று தோன்றும், இல்லை. மொழிநூலார் கணக்கில் 'பாருஸ்' என்பதன் உடன்பிறப்பு வடமொழியின் 'குரு' என்ற சொல்லே. அதற்கும் முதற்பொருள் கனமானது என்பதுதான். மத்தேயு நற்செய்தியின் 23ஆம் அதிகாரத்தில், மக்களின் தோள்மேல் பளுவான சுமைகளைக் கட்டிவைப்போரைப் பற்றி ஆண்டவர் பேசுமிடத்திலும் இந்த 'பாருஸ்' வருகிறது. இதில் ஒரு வேடிக்கை: பிரித்தெடுத்த பேரிய உலோகம் அப்படியொன்றும் கனமானதன்று. இரும்பின் கனத்தில் பாதிகூட இல்லை. கல்லுக்குப் பொருந்திய பெயர் உலோகத்துக்குப் பொருந்தாமல் போயிற்று.

அக்கல் நமக்கும் தொலைவில் இல்லை. உலகின் மிகப்பெரிய பேரைட் படிவுகளுள் ஒன்று ஆந்திரத்தில், பழைய கடப்பை மாவட்டத்து மங்கம்பேட்டையில் இருக்கிறது. தோண்டியெடுப்பதில் பெரும்பங்கு எண்ணெய்க் கிணறு துளைப்போருக்குப் போகிறது. துளைக்கும்போது ஊற்றுகின்ற சேற்றுக்குக் கனம் வேண்டுமாம்.

இனி வாணவேடிக்கைக்கு வருவோம். பழங்காலத்து வாணங்களில் வண்ணங்கள் மிகக் குறைவு. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றையும் வைத்துக்கொண்டு பொன்னிறமும் வெண்மையும் காட்டலாம், அதற்குமேல் அரிது. பிரான்சில் பெர்த்தொலே 1780களில் பொட்டாசியம் குளோரேட்டைச் செய்த பிறகே நெருப்பின் வெம்மை கூடியது. அடுத்த அரை நூற்றாண்டில் வண்ணங்கள் வந்தன. ஸ்ட்ரான்ஷியம் சிவப்பு, செம்பு நீலம், சோடியம் மஞ்சள், பேரியம் பச்சை. பேரியம் தனித்துப் பச்சை தருவதில்லை; தீயின் நடுவில் குளோரினோடு கணநேரம் கூடும்போதே அந்நிறம் பிறக்கிறது. குளோரினுக்காக இக்காலத்தார் மருந்தில் பி.வி.சி. தூளைக் கலப்பதுண்டு. தண்ணீர்க்குழாய் செய்கின்ற அதே பி.வி.சி.தான்!

ஆயினும் நம் அம்மா முப்பதாண்டு அள்ளிய உப்பு பச்சைக்காகச் சேர்க்கப்பட்டதன்று. கம்பி மத்தாப்பின் கூழில் பேரியம் நைட்ரேட், அலுமினியப் பவுடர், இரும்புத் தூள், ஒட்டுவதற்குப் பசை ஆகியன இருக்கும். சட்டத்தில் வரிசையாய்ச் செருகிய கம்பிகளை அக்கூழில் முக்கி வெயிலில் உலர்த்துவார்கள். உப்பு தன்னிடமுள்ள ஆக்சிஜனை விட்டுக்கொடுக்கிறது, அலுமினியம் எரிந்து வெண்ணொளி தருகிறது, இரும்பு பொன் பொறியாய்ச் சிதறுகிறது. பச்சை உப்பின் பெருமை நிறத்தில் இல்லை. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதில்லை என்பதில்தான். ஐப்பசி அடைமழையில் கொளுத்த வேண்டிய பொருளை முந்தைய கோடையிலேயே செய்து பெட்டியில் அடைக்கின்ற ஊருக்கு, இதைவிட என்ன வேண்டும்?

மருத்துவமனைக் கூழின் மர்மமும் இதற்குள் விளங்கிவிட்டது. அங்கே தருவது பேரியம் சல்பேட். அது நீரிலும் கரையாது, குடலின் அமிலத்திலும் கரையாது. எக்ஸ்ரேயைத் தடுத்து நிறுத்திவிட்டு வந்த வழியே போய்விடும். கரைகின்ற பேரிய உப்புகளோ உடலுக்குள் சென்றால் தசைகளைத் தளர்த்தும், இதயத்தின் துடிப்பைக் குலைக்கும். பேரியம் கார்பனேட்டை எலிப்பாஷாணமாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆகவே, ஒரே தனிமம் ஒரு கூட்டில் நோயறியும் துணை, இன்னொரு கூட்டில் நஞ்சு.

இருபதாம் நூற்றாண்டின் போக்கையே மாற்றிய ஒரு வியப்பிலும் இப்பொருள் குறுக்கிடுகிறது. 1938 டிசம்பரில் பெர்லினில் ஓட்டோ ஹானும் பிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்தின்மேல் நியூட்ரான்களை ஏவி, விளைவதைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ரேடியம் கிடைக்குமென்று எதிர்பார்த்தார்கள். எத்தனை முறை சோதித்தாலும் கிடைத்தது பேரியம்! தங்களையே நம்ப மாட்டாமல், யூதப் பிறப்பினர் என்பதால் அவ்வாண்டு ஜெர்மனியை விட்டுத் தப்பி சுவீடனில் தஞ்சமிருந்த தங்கள் பழைய தோழி லிசே மெய்ட்னருக்கு ஹான் எழுதினார். கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் தம் சகோதரியின் மகன் ஓட்டோ பிரிஷோடு பனியில் நடந்துபோகையில் மெய்ட்னர் கணக்குப் போட்டார். யுரேனியத்தின் எண் 92. பேரியத்தின் எண் 56. மிச்சம் 36, அது கிரிப்டான். அணு இரண்டாகப் பிளந்திருக்கிறது! ஏழு ஆண்டுகளுக்குள் ஹிரோஷிமா வந்தது. நோபல் பரிசு ஹானுக்கு மட்டும் கிடைத்தது. அதனை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கசக்கிறது.

அண்மைச் செய்திகள் இன்னும் விந்தையானவை. 2022 அக்டோபரில், சிலி நாட்டிலுள்ள ஐரோப்பிய வானாய்வகத்தின் பெருந்தொலைநோக்கியைக் கொண்டு ஆராய்ந்தோர், நம் சூரியனைச் சேராத இரண்டு கோள்களின் மேல்வளியில் பேரியம் இருப்பதாக அறிவித்தார்கள். வாஸ்ப்-76பி, வாஸ்ப்-121பி என்பன அவை. இரண்டும் வியாழனைப் போன்ற பெருங்கோள்கள். தத்தம் விண்மீனை ஒட்டியே சுற்றுவதால் கொதிக்கின்றன. முதலாவதில் ஆவியான இரும்பு மழையாய்ப் பெய்யக்கூடும் என்கிறார்கள். அதுவரை வேற்றுக் கோள் எதன் வளியிலும் இத்தனை கனமான தனிமம் காணப்பட்டதில்லை. பேரியத்தின் அணு இரும்பின் அணுவைப்போல் இரண்டரை மடங்கு கனமுடையது. அடியில் தங்க வேண்டியது மேலே எப்படி ஏறியது என்று கண்டவர்களுக்கே விளங்கவில்லை. சிவப்பு மத்தாப்பின் ஸ்ட்ரான்ஷியமும் பின்தங்கவில்லை. 2017 ஆகஸ்டில் இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய ஒளியைப் பதிவு செய்திருந்தார்கள். அவ்வொளியில் புதிதாய்ப் பிறந்த ஸ்ட்ரான்ஷியத்தின் அடையாளம் இருந்ததை 2019இல் கண்டறிந்தார்கள்.

தொலைவிலுள்ள கோளில் பேரியத்தைக் கண்டதை உலகச் செய்தித்தாள்கள் கொண்டாடிய அதே அக்டோபரில், சிவகாசியில் அதே பேரியத்துக்காகக் கிட்டங்கிகளில் சோதனைக்குப் பயந்துகொண்டிருந்தார்கள்.

இவ்விடத்தில் பேரியத்தைச் சற்றே ஒதுக்கிவைத்து, தீக்குச்சியின் கதையைச் சொல்ல வேண்டும். அம்மாவின் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

ஹாம்பர்க் நகர இரசவாதி பிராண்ட் என்பவர், 1669இல் வாளி வாளியாய்ச் சிறுநீரைக் காய்ச்சிப் பொன் தேடினார். கிடைத்தது இருளில் ஒளிரும் மெழுகு போன்ற பொருள்: பாஸ்பரஸ். கிரேக்கத்தில் இதற்கு ஒளியைத் தாங்குவது என்று பொருள். பேதுருவின் இரண்டாம் திருமுகத்தில் விடிவெள்ளியைக் குறிக்க வருவதும் இச்சொல்லே. இலத்தீன் பெயர்ப்பில் அவ்விடத்தில் நிற்பது 'லூசிபர்'. இங்கிலாந்தில் பழைய தீக்குச்சிகளுக்கு லூசிபர் என்று பெயரிருந்ததை அறிந்தால், அது சைத்தானை நினைத்து வைத்தது என்று அவசரப்பட வேண்டாம்.

ஆனால் பெயர் பிற்காலத்தில் பொருந்தித்தான் போயிற்று. 1830கள் முதல் வெள்ளைப் பாஸ்பரஸில் குச்சிகள் செய்தார்கள். எங்கே உரசினாலும் பற்றும். அதன் ஆவியை நாள்தோறும் மூச்சிலிழுத்த பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் பல் வலித்தது, பின்பு தாடையெலும்பே அழுகியது. எலும்பை வெட்டியெடுப்பதைத் தவிர வேறு மருத்துவம் இல்லை. இத்தனைக்கும் மாற்று கையில் இருந்தது. வியன்னாவில் ஷ்ரோட்டர் 1845இல் சிவப்புப் பாஸ்பரஸை விளக்கினார். அதில் அந்த நச்சாவி இல்லை. 1855க்குள் சுவீடனில் லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதனைப் பெட்டியின் பக்கத்தில் பூசிப் பாதுகாப்புத் தீக்குச்சிகளைச் செய்து விற்றார்கள். இருந்தும் வெள்ளைப் பாஸ்பரஸை விடவில்லை. ஏனெனில் அது மலிவு. 1872இல் பின்லாந்து தடை செய்தது. 1888இல் லண்டனில் தீப்பெட்டி ஆலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1906இல் பெர்ன் நகரில் நாடுகள் கூடி உடன்படிக்கை கண்டன. இந்தியாவில் 1913இல் சட்டம் வந்தது. மாற்றைக் கண்டதற்கும் உலகம் அதை ஏற்றதற்கும் இடையே அறுபதாண்டு. அந்த அறுபதாண்டின் விலையைக் கொடுத்தவர்கள் முதலாளிகளோ வேதியியலாரோ அல்லர்.

சிவகாசியின் இருவர், அய்ய நாடாரும் சண்முக நாடாரும், கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியது 1920களின் தொடக்கத்தில். மழை பொய்த்த கரிசல் பூமி, ஓயாத வெயில், வேலையற்ற கைகள். ஊருக்குச் சாபமாயிருந்த வறட்சியே குச்சி காயவும் மருந்து உலரவும் வரமாயிற்று. அத்தொழிலிலிருந்து பட்டாசு கிளைத்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வெளிநாட்டுச் சரக்கு நின்றபோது வேரூன்றியது. இதை நாம் பலமுறை சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறோம். சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. அவர்கள் கற்றுவந்த வேளையில் வெள்ளைப் பாஸ்பரஸ் சட்டப்படி ஒழிந்திருந்தது. தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி ஒட்டிய நம் பாட்டிமார் பிஞ்சு வயதை இழந்தார்கள், படிப்பை இழந்தார்கள், தீ விபத்தில் உயிரையும் இழந்தார்கள். தாடையை மட்டும் இழக்கவில்லை. முகமறியாத லண்டன் பெண்கள் அதற்கு முன்பணம் கட்டியிருந்தார்கள்.

பேரியத்தின் வழக்கு டெல்லியில் மூன்று கைக்குழந்தைகளின் பெயரால் 2015இல் தொடுக்கப்பட்டது. புகை மூடிய நகரில் அவர்களுக்கு மூச்சுவிடும் உரிமை வேண்டும் என்பதே மனு. அதனை நான் எதிர்க்க மாட்டேன். குழந்தையின் நெஞ்சுக்கூடு டெல்லியில் ஒன்று, சாத்தூரில் ஒன்று என்றில்லை. 2017இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக், ஆன்டிமணி, லித்தியம் விலக்கப்பட்டன; 2018இல் பேரியமும் சரவெடியும். குறைந்த புகையுடைய 'பசுமைப் பட்டாசு' மட்டுமே செய்யலாம் என்றாயிற்று. நாக்பூரின் நீரி ஆய்வகத்தார் 2019இல் அதற்கான முறைகளை வெளியிட்டார்கள். ஒன்றில் வெடிக்கும்போதே நீராவி எழுந்து தூசியை அடக்கும். நுண்துகள் முப்பது விழுக்காடு அளவுக்குக் குறையும் என்றார்கள். மேம்படுத்திய முறையில் பேரியத்தையே சேர்த்துக்கொள்ள அனுமதி கேட்டபோது, 2023 செப்டம்பரில் நீதிமன்றம் மறுத்துவிட்டது. பச்சை உப்பில்லாத பட்டாசுக்குப் பசுமைப் பட்டாசு என்று பெயர் வந்ததைக் கேட்டுத் தொழிலாளர்கள் சிரிக்கத்தான் செய்தார்கள்.

மாற்று இல்லையா? நிறத்துக்கு இருக்கிறது. அமெரிக்க இராணுவ ஆய்வுக்கூடத்தில் 2011இல் போரான் கார்பைடைக் கொண்டு பேரியமில்லாப் பச்சை ஒளியைக் காட்டினார்கள். வைரத்துக்கு அடுத்த வரிசையில் வைக்கத்தக்க கடினமுடையது அது. குண்டு துளைக்காத கவசத்துக்குப் பயன்படுவது. எளிதில் எரியாத மந்தப் பொருள் என்று அதுவரை நினைத்திருந்தார்கள். நல்ல கண்டுபிடிப்பு, ஆனால் மத்தாப்புப் பெட்டியின் விலைக்குள் அடங்குமா என்பது வேறு கேள்வி. ஆக்சிஜனுக்கு ஸ்ட்ரான்ஷியம் நைட்ரேட் உண்டு. அதுவோ விலை கூடியது, ஈரத்தையும் இழுப்பது.

ஆக, இப்போதும் நாம் அந்த இடைவெளியில்தான் நிற்கிறோம். ஒரு வேறுபாடு உண்டு. தீக்குச்சியில் தடை தாமதித்ததால் தொழிலாளி அழிந்தாள். இங்கே தடை விரைந்து வந்தது. மாற்று பின்னால் நடந்து வந்தது. நடுவில் வெறுங்கையோடு நின்றவள் அவளே. மருந்து கலக்கும் அறையில் உராய்வால் நேரும் வெடிப்பு மட்டும் அன்றும் இன்றும் மாறவில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கருகியபோது உலகம் ஒரு வாரம் பேசியது. அந்த மரணங்களைத் தடுக்க எந்த ஆய்வகம் எத்தனை ஆண்டு உழைத்தது என்று கேட்க எனக்கு ஆசை.

ஆலைகள் 2019 மார்ச்சில் திறந்தன. நான் படித்ததையெல்லாம் பின்னொரு நாள் அந்த அம்மாவிடம் சொன்னேன். செருப்புத் தைத்தவரின் கல்லைக் கேட்டு மகிழ்ந்தார். லண்டன் பெண்களின் தாடையைக் கேட்டுத் தம் கன்னத்தைத் தடவிக்கொண்டார். இரும்பு மழை பெய்யும் கோளைப் பற்றிச் சொன்னபோது, "அங்கெல்லாம் யாரு வேலைக்குப் போறா?" என்றார். ஒருவருமில்லை என்றேன். "அப்ப இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

இப்போது அவர் பெட்டி அடைக்கும் பகுதியில் இருக்கிறார். சென்ற தீபாவளிக்கு நீரி முத்திரை பதித்த மத்தாப்புப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, கோவில் முற்றத்தில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கொளுத்தினார். வெளியே சாரல். முதல் கம்பி நன்றாக எரிந்தது. பொறி பொன்னிறமாகவே சிதறியது, அது இரும்பின் நிறமல்லவா! இரண்டாவது பாதியில் அணைந்தது. "நமுத்துப் போச்சு சாமி. பழைய உப்புன்னா இப்பிடி ஆகாது" என்று சொல்லியபடியே, அடுத்த கம்பியை எடுத்து ஒரு சிறுமியிடம் நீட்டினார்.